கேட்டதற்குத்தானே பதில் சொன்னான்

கேள்வி: நான் வடமராட்சியில் தரம் 7 வகுப்பாசிரியை. என் மாணவன் ஒருவன் காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு வரையான புகையிரத நிலையங்களை வரிசை பிசகாமல் ஒப்புவிப்பான். ஆனால் “கொப்பியைக் கொண்டுவர ஏலுமோ?” என்று கேட்டால், “ஏலும் ரீச்சர்” என்றுவிட்டு அசையாமல் இருப்பான். மணி அடித்தால் காதைப் பொத்துகிறான். வைத்திய அறிக்கையில் ‘அஸ்பேர்கர்’ என்றிருக்கிறது. செல்லத்தால் கெட்ட பிள்ளை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, அவன் உங்களைப் பகிடி பண்ணவில்லை. ஏலுமா என்று கேட்டீர்கள், ஏலும் என்றான். கேள்விக்குள் கட்டளை ஒளிந்திருப்பதை மற்றப் பிள்ளைகள் எவரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். அவனுக்கு அது தெரிவதில்லை. “கொப்பியை என் மேசைக்குக் கொண்டு வாரும்” என்று நேராகச் சொல்லிப் பாருங்கள்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் அஸ்பேர்கர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி 1944 இல் எழுதினார். 1981 இல் பிரித்தானிய மனநல மருத்துவர் லோர்னா விங் எழுதிய பின்னரே அப்பெயர் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் அதனைத் தனி வகையாக வைத்திருப்பதை விட்டு, பிறரோடு பழகுவதிலும் தொடர்பாடுவதிலும் வேறுபாடு காட்டும் ஓட்டிசம் என்ற பரந்த வகைக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே அடுத்த அறிக்கையில் ஓட்டிசம் என்றிருந்தால் தாயார் பதறத் தேவையில்லை. இது மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு என்பதால், செல்லத்தால் வந்ததென்ற பேச்சுக்கு இடமேயில்லை.

மணியோசை அவனை உண்மையிலேயே வருத்தக்கூடும். மணிக்கு அருகிலுள்ள யன்னலோரத்தில் அவன் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அடிக்கப்போவதை ஒரு நிமிடம் முன்னதாகச் சொல்லுங்கள். பேசும்போது முகத்தைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பலருக்குப் பாராமல் இருக்கும்போதே காது நன்றாகக் கேட்கும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பயிற்சிக்காகப் பாடவேளைகள் திடீரென மாறுவதும், வெளியே முரசு அதிர்வதும், எந்த நேரத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமற்போவதும் ஒன்றுசேர்ந்தால் அவன் அழக்கூடும், அல்லது மேசைக்குக் கீழே போய் ஒளியக்கூடும். அதைக் குழப்படி என்று நினைத்து வகுப்பின் முன் ஏசினால் நிலைமை முற்றும். அன்றைய மாற்றங்களைக் காலையிலேயே கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதிவிடுங்கள். தாங்க முடியாதபோது கேள்வி கேட்காமல் அனுப்பக்கூடிய அமைதியான இடமொன்றை, நூலகத்தையேனும், அதிபருடன் பேசி முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

குழு வேலையில் “எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்” என்று விட்டால் அவன் ஓரமாகவே நிற்பான். நேரம் பார்ப்பது, அட்டவணை வரைவது என்று அவனுக்கென ஒரு பொறுப்பைக் குறித்துக் கொடுங்கள். புகையிரத ஆர்வத்தைத் தடுக்காமல், தூரம், வேகம் பற்றிய கணக்குகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய நிலையைப் பற்றி வகுப்புக்கு விளக்க விரும்பினால், முதலில் தாயாரிடமும் அவனிடமும் சம்மதம் கேளுங்கள்.

பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகள் அவனுக்குக் கிடைக்குமா, அதற்கு எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவில் இப்போதே விசாரித்து வையுங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய பிறகு தாயார் கடதாசிகளுக்காக அலைய வேண்டி வராது.