புகார்க் கடிதம் யார் கையில் சேர வேண்டும்?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளிடம் ஆய்வகத்தில் ஓர் உதவிப் பேராசிரியர் தகாத முறையில் நடந்துகொண்டார், இரவில் ஆபாசமான செய்திகளும் அனுப்பியிருக்கிறார். துறைத் தலைவரிடம் அவள் எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. “கண்டித்துவிட்டேன், கல்லூரியின் பெயர் கெட வேண்டாம், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்” என்கிறார் அவர். அகமதிப்பெண் அந்த ஆசிரியரின் கையில் இருப்பதால் மகள் மேற்கொண்டு பேசவே அஞ்சுகிறாள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கள் மகள் எழுதிக் கொடுத்தது சரியே, கடிதம் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் அறிவிக்கை செய்த விதிமுறைகளின்படி, இத்தகைய புகாரை விசாரிக்க வேண்டியது கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவே ஆகும். துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அக்குழுவில் உறுப்பினராக இருக்கவே கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மூத்த பேராசிரியை ஒருவர் தலைமையில் இயங்கும் அக்குழுவில் வெளியாள் ஒருவரும், மாணவர் தொடர்பான புகார் எனில் மாணவப் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

ஆகவே, புதிய கடிதம் ஒன்றை அக்குழுவின் தலைவர் பெயருக்கு எழுதி, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். கடைசியாக நிகழ்ந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது சேர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புகாரின் நகல் ஏழு நாட்களுக்குள் அந்த ஆசிரியருக்கு அனுப்பப்படும். அவருக்குத் தெரியாமல் விசாரணை நடக்காது. எனவேதான், விசாரணை முடியும்வரை அவர் தங்கள் மகளின் தேர்வுத் தாள், ஆய்வகப் பதிவேடு, அகமதிப்பெண் எதையும் மதிப்பிடாதபடி தடுக்கவும், அவளிடமிருந்து விலகியிருக்குமாறு எச்சரிக்கவும் வேண்டும் என்று அதே கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் இந்த இடைக்கால நிவாரணங்களை அளிக்க விதிகளில் இடமுண்டு. மதிப்பெண்ணுக்கு அஞ்சியே பல மாணவியர் வாய் திறப்பதில்லை என்பதால், விதிகளில் மிகவும் பயனுள்ள பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆனால் கேட்காமல் எந்தக் கல்லூரியும் தானாக எடுத்துக் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை.

பேசி முடிப்பது பற்றி: சமரசத்தைக் கோரும் உரிமை புகார் அளித்தவருக்கு மட்டுமே உண்டு, பணம் கொடுத்துத் தீர்ப்பதற்கு இடமே இல்லை. துறைத் தலைவர் அதை முன்மொழிவது முறையன்று. புகாரை நிரூபிக்க இயலாமல் போனாலும், அந்த ஒரு காரணத்துக்காக அது பொய்ப் புகார் என்று ஆகிவிடாது.

விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அது நடக்கும்போதே காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது. பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி தொடர்பான பாலியல் வன்கொடுமை வழக்கில் அவரது அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடையாளத்தைக் காப்பது அதிகாரிகளின் கடமை என்பதை இதற்குமேல் அழுத்தமாகச் சொல்ல முடியாது.

அந்தச் செய்திகளை, எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், தங்கள் மகள் கைபேசியிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கட்டும். தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, கடிதத்துடன் இணைத்துக் கொடுங்கள்.