படம் வரையத் தெரியாத பெண்ணுக்குக் காமிக்ஸா?

சென்னிமலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவருக்குப் போர்வைத் தறிப் பட்டறை. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழில் 97, கணக்கில் 54. கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு அவளுடைய மாமா பேசி வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மகளோ காமிக்ஸ் கதை எழுதப்போகிறேன், பி.இ. வேண்டாம் என்று நிற்கிறாள். "ஒரு கோடுகூட நேராப் போடத் தெரியாதுங்க. இவளுக்கு என்னங்க காமிக்ஸு? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. சொந்தபந்தம் மொத்தமும் ஒரு பக்கம் நிற்கும்போது வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை தனியாக இன்னொரு பக்கம் நின்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. ஆனால் நான் அவளிடம் எடுத்துச் சொல்லப்போவதில்லை. உங்களிடம்தான் சொல்லப்போகிறேன். அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் காசு. நான்கு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 14 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதி கடன். 10 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத் தவணையில் அடைத்தால் மாதம் சுமார் 13,800 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. படித்து முடித்து அவள் வாங்கும் முதல் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போகும், அதுவும் வேலை கிடைத்தால். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு செமஸ்டரிலும் கணக்குத் தாள் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அதற்குப் பிறகும் கணக்கு விடாது. கணக்கில் 54 எடுத்தது குற்றமே இல்லை. ஆனால் கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை 14 லட்சம் கட்டி அதற்குள்ளேயே தள்ளினால் அரியர் விழும். நான்கு வருடம் ஐந்தாகும், ஆறாகும். இப்படி முடியாமல் நின்றுபோன பிள்ளைகள் பலர் என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பி.இ. இருந்தால்தான் நல்ல இடத்தில் சம்பந்தம் வரும் என்று மாமா சொல்கிறாராம். கல்யாணத்துக்காக ஒரு படிப்பை வாங்குவதென்றால் அது வரதட்சணைக்கு இன்னொரு பெயர்தான். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

கவுன்சலிங், கட் ஆஃப், எந்தக் கல்லூரிக்கு என்ன பெயர் என்பதெல்லாம் உங்கள் ஊர் டீக்கடையிலேயே கிடைக்கும். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். உங்கள் மகள் கேட்பது உண்மையில் என்ன தொழில்?

காமிக்ஸ் என்றால் படம் போடுவது என்றுதான் நினைத்திருக்கிறீர்கள். உங்கள் பட்டறையிலேயே பாருங்கள், டிசைன் போடுபவர் ஒருவர், நெய்பவர் இன்னொருவர். இங்கும் அப்படித்தான். எழுத்தாளர், ஓவியர், மை போடுபவர், வண்ணம் தீட்டுபவர், எழுத்து பதிப்பவர் என்று ஒரே புத்தகத்தில் ஐந்து பேர்கூட வேலை செய்வதுண்டு. எழுத்தாளர் செய்வது ஸ்கிரிப்ட். அது இப்படி இருக்கும்:

பக்கம் 3. கட்டம் 1: ஈரோடு மஞ்சள் மண்டி, விடியற்காலை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறுமி குனிந்து எதையோ தேடுகிறாள். அவள் முதுகு மட்டும் தெரிகிறது. பேச்சு இல்லை. கட்டம் 2: மேலிருந்து பார்க்கிறோம். கணக்குப்பிள்ளையின் நிழல் அவள் மேல் விழுகிறது. கணக்குப்பிள்ளை: "என்ன கண்ணு தேடறே?" கட்டம் 3: சிறுமியின் மூடிய கை மட்டும், மிக அருகில். விரலிடுக்கில் ஏதோ மின்னுகிறது. சிறுமி: "ஒண்ணுமில்லீங்க."

பேச்சு ஒன்றைச் சொல்கிறது, படம் வேறொன்றைச் சொல்கிறது. மூன்றாம் பக்கம் புத்தகத்தில் வலது பக்கமாக வரும். அதன் கடைசிக் கட்டத்தில் கை மூடியிருந்தால், பார்ப்பவர் பக்கத்தைத் திருப்பியே ஆக வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதுவதுதான் இந்தத் தொழில். பாத்திரத்தின் பேச்சை எழுதும் ஒரு பலூனில் இருபது சொல்லுக்கு மேல் போனால் படம் மூச்சு முட்டும். அமெரிக்க மாத இதழ் என்றால் கதைக்கு 20, 22 பக்கம். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்தில் ஆல்பம் என்று சொல்லும் காமிக்ஸ் புத்தகம் பெரும்பாலும் 48 பக்கம். அந்த அளவுக்குள் கதை தொடங்கி முடிய வேண்டும். உங்கள் மகள் நோட்டில் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறாள், தோழி படம் போடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் தொழில்முறைப்படிதான் வேலை செய்துகொண்டிருக்கிறாள்.

சரி, இதில் பிழைக்க முடியுமா? ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழில் காமிக்ஸ் மட்டும் எழுதி இன்றைக்கு ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. பல தலைமுறை வாசகர்கள் அவற்றுக்கு உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிற நாட்டுக் கதைகளின் தமிழாக்கம். அதனால் ஒரு காமிக்ஸ் எழுத்தாளரின் வருமானம் பல வாய்க்கால்களில் வர வேண்டும். எழுதுவது, மேடையில் நிகழ்த்துவது, கற்றுக்கொடுப்பது, இந்த மூன்றுக்காகவும் ஊர் ஊராகப் போவது. வெளிநாடுகளிலும் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள்.

மேடை என்றதும் நெஞ்சு பதற வேண்டாம். திரையில் ஒவ்வொரு கட்டமாக வரும். எழுத்தாளர் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுத்துப் படிப்பார். கூட ஒருவர் தாளம் போட்டால் இன்னும் நன்று. இருபது நிமிடத்தில் ஒரு கதை முடிந்துவிடும். ஜப்பானில் 1930களில் சைக்கிளில் மரச்சட்டம் கட்டிக்கொண்டு, படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லி, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்றார்கள். கமிஷிபாய் என்று பெயர். பின்னாளில் மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸில் பெரும் ஓவியரான ஷிகேரு மிசுகி அந்தத் தாள்களை வரைந்து பிழைத்தவர்தான். நமக்கோ இது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடிய மண் இது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் தங்கி அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். பிறகு அதை அனிமேஷன் தொடராகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தார். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாடிய கதை அது. எங்கோ பிறந்தவர் அதைப் படக்கதையாக்க முடியுமென்றால் சென்னிமலைப் பெண்ணால் ஏன் முடியாது?

அப்புறம் கற்றுக்கொடுப்பது. என் அனுபவத்தில் காசு ஒழுங்காகக் கைக்கு வரும் பகுதி இதுதான். ஒரு தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். அரை நாளில் நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு காமிக்ஸோடு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு ஏ4 தாளை ஒட்டி நான்கே கட்டத்தில் சுவரொட்டிக் கதை செய்யும் முறையை டெல்லியைச் சேர்ந்த வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா பல மாநிலக் கிராமங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. படம் வராது என்று சொல்லும் சாதாரண மக்கள்தான் அவற்றை வரைகிறார்கள். அமெரிக்காவில் காமிக்ஸ் படைப்பாளி லிண்டா பேரி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார். வரைவதை நிறுத்திவிட்ட பெரியவர்களை மறுபடி வரைய வைப்பவர் அவர். நம் பக்கம் பெருந்துறையிலும் திருப்பூரிலும் தனியார் பள்ளிகள் கோடை முகாமுக்கு ஆள் தேடுகின்றன. தொண்டு நிறுவனங்களுக்குக் குழந்தைத் திருமணம், சாயக்கழிவு, ரத்தசோகை பற்றிப் படக்கதைக் கையேடு வேண்டியிருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையே மாணவர்களுக்கு ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் நடத்துகிறது.

இப்போது பயணம். பொட்டப்பிள்ளை ஊர் ஊராகப் போவதா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பது எனக்குக் கேட்கிறது. கம்ப்யூட்டர் படித்தால் மட்டும் வீட்டில் இருப்பாளா என்ன? பெங்களூருவில் இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக அறைக்குப் போவாள். இதில் ஆரம்பத்தில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஈரோடு சந்திப்பிலிருந்து சேலம், திருப்பூர், கோவை எல்லாம் ஒரே பகலில் போய் வரும் தூரம். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில், கோவை கொடிசியாவில் ஜூலை வாக்கில், சென்னையில் ஜனவரியில். காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் பெரிய காமிக் கான் விழா 2011இல் டெல்லியில் தொடங்கி, 2024இல் சென்னைக்கும் வந்துவிட்டது. முதல் வருடம் நீங்களும் கூடப் போங்கள். ஒரு கூட்டத்துக்கு முன்னால் உங்கள் மகள் நின்று கதை சொல்வதைப் பார்த்தீர்களென்றால் இந்தக் கேள்வியே மாறிவிடும்.

யாராவது ஜீன் லூவன் யாங் பெயரை எடுத்துக்கொண்டு வரலாம். அமெரிக்காவின் பெயர் பெற்ற காமிக்ஸ் படைப்பாளி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர், பல ஆண்டுகள் பள்ளியில் அதைக் கற்பித்தவர், 2016இல் படைப்பாற்றலுக்கான மெக்ஆர்தர் விருது பெற்றவர். அப்படியானால் இவளும் கம்ப்யூட்டர் படிக்கட்டுமே என்பார்கள். அவருக்கு அந்தப் பாடம் வந்தது, கற்பிக்கவும் வந்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, புத்தகம் நிலைபெறும் வரை கையில் ஒரு வருமானம் வைத்திருந்தார் என்பதைத்தான்.

அதற்காகத்தான் பட்டப்படிப்பு. அதை விடச் சொல்லவில்லை. கோவை அரசு கலைக் கல்லூரி, ஈரோடு சிக்கய்யா கல்லூரி, கோபி கலை அறிவியல் கல்லூரி என்று உங்களைச் சுற்றியே இருக்கின்றன. பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ அவளே தேர்ந்தெடுக்கட்டும். அரசுக் கல்லூரி என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு பி.எட். போட்டால் ஆசிரியர் வேலைக்கான வாசலும் திறந்திருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடமும் கறாராக இருக்கிறேன். தனியார் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கட்டி அனிமேஷன் டிப்ளமோ வேண்டும் என்று கேட்டால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். எழுதப்போகிறவளுக்கு அந்த மென்பொருள்கள் தேவையில்லை.

இன்னொன்று, ஒப்பந்தம். சூப்பர்மேனைப் படைத்த இரண்டு இளைஞர்கள் 1938இல் 130 டாலருக்கு மொத்த உரிமையையும் எழுதிக்கொடுத்துவிட்டுக் காலமெல்லாம் வழக்காடினார்கள். நம் நாட்டின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் பொருள். பத்திரத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். படம் போடும் தோழியோடும் இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அட்டையில் இரண்டு பேர் பெயரும், வருமானத்தில் பாதிப் பாதியும். பள்ளிப் பட்டறைக்குக் கூப்பிட்டால் கட்டணம் வேறு, பயணச் செலவு வேறு என்று முதலிலேயே கேட்கப் பழகட்டும். சும்மா வந்து பேசிவிட்டுப் போ என்பவர்களுக்கு, முதல் சில முறை தவிர, மறுப்புச் சொல்லட்டும்.

மகளுக்கும் ஒரு வேலை உண்டு. நோட்டில் பாதியில் நிற்கும் கதைகள் நிறைய என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எதுவும் எனக்கு வேண்டாம். நான்கு பக்கத்தில் ஒரே ஒரு கதை, முழுசாக முடித்தது, தோழியின் படத்தோடு இருபது நகல் எடுத்துப் பள்ளி வாசலில் பத்து ரூபாய்க்கு விற்றுப் பார்க்கட்டும். விற்காமல் மிஞ்சியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரட்டும். எது விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று உட்கார்ந்து பேசலாம்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரிடம் நானே பேசுகிறேன்.