பங்க் பக்கத்து வீட்டில் பெட்ரோல் வாடை: மண்ணை எப்படிச் சோதிப்பது?

காட்பாடியில் பங்க்கை ஒட்டின வீடு, சம்ப் பக்கம் பெட்ரோல் வாடை, மண்ணை அள்ளி லேபில் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது நண்பரே, பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப்பொருள் அள்ளும்போதே பெரும்பாலும் காற்றில் பறந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் ஆவியைத்தான் பிடிக்க வேண்டும்: ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மெல்லிய குழாய் இறக்கி, சுற்றிலும் நனைத்த பென்டோனைட் களிமண்ணால் இறுக அடைத்து (இதில் கோட்டை விட்டால் வெளிக்காற்றைத்தான் அளப்பீர்கள்), குழாயில் நிற்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, அப்புறம்தான் மாதிரி. பிஐடி மீட்டர் (ஆவியை அங்கேயே அளக்கும் கைக்கருவி) மொத்த ஆவியை மட்டும் காட்டும், பென்சீன் தனியாகத் தெரிய கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபி வசதியுள்ள லேப் வேண்டும். மழை பெய்திருந்தால் மண் காயட்டும், ஈர மண்ணில் அளவு குறைவாகக் காட்டும்.

ஆனால் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். கலெக்டர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுதிக் கொடுங்கள். அதுவரை சம்ப் மோட்டாரைப் போடவே வேண்டாம், ஒரு பொறி போதும்.