பகிடிக்கு ஒரு வெளிநாட்டுக் கொள்கை: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் விவாதப் பயிற்சி முடிந்த பிறகும் பிள்ளைகள் கலையாமல் இருந்து விளையாடும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு அணி நாட்டுக்கு ஒரு விசர்த்தனமான வெளிநாட்டுக் கொள்கையை முன்மொழியும். மற்ற அணி சிரிக்காமல் அதை எதிர்க்க வேண்டும். பல காலமாக விவாத அணிகளைப் பழக்கி வருபவள் என்பதால் இதைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தார்கள்.

அக்கா, எங்கள் திட்டங்களுக்கு ஒருவரும் சிரிப்பதில்லை. போன கிழமை "இலங்கை செவ்வாய்க் கிரகத்தின் மீது போர் தொடுக்க வேண்டும்" என்றோம். ஒரு சத்தமும் இல்லை. (கொக்குவில் மாணவன்)

செவ்வாயில் ஆளே இல்லையே தம்பி, எதிரணி என்னத்தைப் பேசுவது? விசர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் அமைச்சுக் கோப்பு மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும்: யார் செய்வது, காசு எங்கே, எந்த நாடு முதலில் கோபிக்கும்.

எனக்குப் பிடித்தது பீர் தவீல் திட்டம். எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் 2,060 சதுர கிலோமீட்டர் பாலைவனம் அது. எகிப்து 1899 எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சூடான் 1902 கோட்டை. இரண்டு பேருக்கும் வேண்டியது கடற்கரையோடு இருக்கும் ஹலாயிப் பகுதி. எந்தக் கோட்டை எடுத்தாலும் ஹலாயிப் ஒருவருக்கு, பீர் தவீல் மற்றவருக்கு. பீர் தவீலைத் தன்னுடையது என்று சொன்னால் ஹலாயிப்பை விட வேண்டி வரும் என்பதால் இருவருமே "அது எங்களது இல்லை" என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள், இலங்கை அதைப் பொறுப்பெடுத்து காணி இல்லாதவர்களுக்கு உறுதி முடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எதிரணியில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "உறுதி எழுதப் போகும் நொத்தாரிசு விசாவை எந்த நாட்டிடம் எடுப்பார்?" சுற்றிவர அந்த இரண்டு நாடும்தான். அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

சீனா பண்டா அனுப்புவது போல எங்கள் ஊர்க் குதிரைகளை அனுப்பி நட்பு வளர்க்கலாமா? (நெடுந்தீவு மாணவி)

நல்ல திட்டம் தங்கச்சி. ஆனால் சீனா இப்போது பண்டாவை இனாமாகக் கொடுப்பதில்லை, இரவல்தான் கொடுக்கிறது. போன இடத்தில் குட்டி பிறந்தால் அதுவும் சீனாவுக்கே சொந்தம். ஆகவே குதிரைக்குட்டி யாருக்கு என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடு. எதிரணி கட்டாயம் யானைக் கதையை எடுக்கும்: தாய்லாந்து 2001 இல் இலங்கைக்கு அன்பளிப்பாகத் தந்த யானையை, சரியாகப் பராமரிக்கவில்லை என்ற முறைப்பாடுகளுக்குப் பிறகு, 2023 இல் விமானத்தில் ஏற்றித் திருப்பிக்கொண்டு போனது. வந்த யானையை வைத்திருக்கத் தெரியாதவர்களுக்குக் குதிரை ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாய்? அதை யோசித்துக்கொண்டு வா.

மகனுக்கு சாதாரணதரப் பரீட்சை வருகிறது. இந்த விளையாட்டில் மினக்கெடுகிறான். (ஒரு தாய், நல்லூர்)

பரீட்சை முடியும் வரை வர வேண்டாம் என்று நானே சொல்கிறேன் அம்மா. பிறகு விடுங்கோ.

அமெரிக்க மாணவர்களின் விவாதத்தில் எந்தத் திட்டமும் கடைசியில் அணுகுண்டுப் போரில்தான் முடியுமாமே, உண்மையா? (உயர்தர மாணவி, சாவகச்சேரி)

பெரும்பாலும் உண்மை. அங்கே "பொலிசி டிபேட்" என்று ஒரு வடிவம். பாடசாலைகள் நாடு முழுக்க ஒரே தலைப்பை ஆண்டு முழுவதும் பேசும். 2011-12 இல் விண்வெளி, 2016-17 இல் சீனாவுடனான உறவு. அரசு இந்தத் திட்டத்தை ஏற்குமா என்று அங்கே கேட்க முடியாது. ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொண்டு, விளைவு நல்லதா கெட்டதா என்றுதான் பேச வேண்டும். எதிரணி பெரிய கேட்டைக் காட்டினால்தான் வெல்லும். ஆகவே மீன் ஏற்றுமதி வரியைக் குறைத்தால் காங்கிரஸில் சண்டை, அதனால் வேறொரு ஒப்பந்தம் விழும், அதனால் டொலர் சரியும், அதனால் அணுகுண்டு. மனித குலம் அழிந்தால் அண்டத்தில் மற்ற உயிர்கள் தப்பும், ஆகவே அழிவு நல்லதே என்று வாதிடும் "வைப்அவுட்" என்ற வகைகூட உண்டு. அதைச் சொல்பவர்கள் பகிடிக்குச் சொல்வதில்லை, வெல்வதற்குச் சொல்கிறார்கள்!

எங்கள் விளையாட்டில் அணுகுண்டுக்கு நான் தடை போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே முடிவு என்றால் கேட்க அலுப்பு.

என் அப்பா கடற்றொழிலாளி. ஒரு அணி கச்சதீவை வைத்துப் பகிடி விட்டது. நான் எழும்பிப் போய்விட்டேன். பிழையா அக்கா? (மாதகல் மாணவன்)

பிழையில்லை. அந்தத் திட்டம் ஹான்ஸ் தீவைப் பார்த்து எழுதியது. கனடாவும் டென்மார்க்கும் சொந்தம் கொண்டாடிய சின்னப் பாறைத் தீவு அது. 1984 இல் டென்மார்க் அமைச்சர் ஒருவர் கொடியை நட்டு, மதுப் போத்தல் ஒன்றையும் வைத்துவிட்டு வந்தார். பிறகு இரு பக்கமும் மாறி மாறிப் போத்தல் வைத்தார்கள். 2022 இல் தீவை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சதீவும் 285 ஏக்கர்தான், கிட்டத்தட்ட அதே அளவு. ஆகவே கச்சதீவை இலங்கையின் பக்கம் சேர்த்த 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாங்கள் பனங்கட்டிக் குட்டான் வைக்க, இந்தியாக்காரர் திருநெல்வேலி அல்வா வைக்கட்டும் என்றார்கள்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஹான்ஸ் தீவில் யாருடைய வலையும் அறுபடவில்லை. இங்கே இந்தியப் படகுகளின் இழுவைமடி (கடலடியை வாரிக்கொண்டு போகும் பெரிய வலை) வந்து போனால் விடிய ஒரு குடும்பத்துக்கு வலை இல்லை. 2017 இல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்தும் பிரச்சினை தீரவில்லை. நட்டப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் திட்டத்தை நான் எடுப்பதில்லை. அதே தலைப்பில் பருத்தித்துறைப் பிள்ளை ஒருத்தி வேறொன்று சொன்னாள்: ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கு முதலும் இரு நாட்டு மீன்பிடி அமைச்சர்களும் ஒரே ஃபைபர் படகில் ஓர் இரவு கடலில் நிற்க வேண்டும், தொலைபேசி இல்லாமல். அதை எதிர்க்க ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வா தம்பி, நீ எதிர்த்துப் பார்.

உண்மையில் நடந்தவற்றை விட விசராக எதையும் இவர்களால் யோசிக்க முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கஷ்டம் சேர். அதனால்தான் இடையில் "மெய்யா பொய்யா" சுற்று வைக்கிறேன். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனை, மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் அடைக்க இலங்கை 2021 இல் உடன்பட்டது என்றால் பொய் என்று கத்துகிறார்கள். 1952 இல், தூதரக உறவே இல்லாத காலத்தில், சீனாவுக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம் என்பதைத் தாத்தாமார் உள்ள பிள்ளைகள் மட்டும் நம்புகிறார்கள். சந்திரனில் அணுகுண்டு வெடிக்க வைக்க அமெரிக்க விமானப்படை 1958 இல் ஆராய்ந்தது என்பதை மட்டும் எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள். அது ஏனோ!

நடுவர் சிரித்தால் புள்ளி உண்டா? (பெயர் போடவில்லை)

இல்லை. பேசுபவர் சிரித்தால் ஒரு புள்ளி போகும், பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் அரைப் புள்ளி. நடுவர் சிரித்தால் எல்லாருக்கும் தேத்தண்ணி அவருடைய செலவு.