ஆறு மாதக் குதிரைக்குட்டிக்கு வைக்கோலும் தவிடும் போதுமா?

மன்னார்குடிப் பக்கத்தில், பால் மறந்த 6 மாதக் குட்டிக்கு வைக்கோலும் அரிசித் தவிடும் மட்டும் கொடுப்பதாகவும், முன்னங்கால் மூட்டருகே புடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவை போதாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டிக்கோ பாஸ்பரஸைப் போல் 1.5 முதல் 2 மடங்கு வரை சுண்ணாம்புச் சத்து வேண்டும், இல்லாவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். வைக்கோலிலும் புரதம் சொற்பமே. ஆகவே தவிட்டை 10 நாட்களில் படிப்படியாகக் குறைத்து, வாடவிட்ட குதிரை மசால் (லூசர்ன்) என்னும் தீவனப் பயிரையும் வாய்க்கால் வரப்பில் அறுத்த அருகம்புல்லையும் நாள் முழுதும் சிறிது சிறிதாகப் போடுங்கள். வேகவைத்த கொள்ளு நல்லதுதான். சீக்கிரம் கொழுக்கட்டும் என்று அள்ளி வைத்தால் எடை முந்தி, எலும்பு பிந்தி, மூட்டு நோகும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் உடம்பே இந்த வயதுக்குச் சரி. புடைப்பைக் கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.