சனிக்கு அருகில் அந்த மங்கலான புள்ளி

நண்பரே, எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் வளையத்தை ஒட்டித் தெரியும் புள்ளி சனியின் நிலாவான என்செலடஸா, நட்சத்திரமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மறுநாள் இரவும் எடுங்கள். நட்சத்திரம் என்றால் சனி அதைவிட்டு நகர்ந்திருக்கும். நிலா என்றால் சனியோடு கூடவே வரும், இடம் மட்டும் மாறியிருக்கும். என்செலடஸ் ஒரு சுற்று முடிக்க 33 மணி நேரம்தான். 1898-இல் எடுத்த புகைப்படத் தகடுகளை இப்படி ஒப்பிட்டுத்தான் வானியலாளர் பிக்கரிங், சனியின் இன்னொரு நிலாவான ஃபீபியையே கண்டுபிடித்தார்.

சனி வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, மங்கலான நிலா பதிய கேமரா ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வையுங்கள். அப்புறம், நீங்கள் இருக்கும் ஆரல்வாய்மொழியில் காற்றுதான் பெரிய தொல்லை. அங்கே நான் எடுத்தபோது தொலைநோக்கி ஆடி, சனியின் பெரிய நிலாவான டைட்டனே கோடாக விழுந்தது. சுவர் மறைவுக்கு மாற்றிய பிறகுதான் புள்ளியானது.