மண்ணுக்குச் சுண்ணாம்பு: எவ்வளவு, எப்போது?

கேள்வி: முதன்முறையாகத் தோட்டம் போடுகிறேன், ஐயா. சோதித்ததில் மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.2 என்று வந்தது. தக்காளி நடும் முன் சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். என் முதல் தோட்டத்தில் அதைத்தான் செய்தேன். அளக்காமல் அள்ளிப் போட்டதில் தளிர் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பு பி.எச்.-ஐ அளவுக்கு மேல் ஏற்றிவிட்டதால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுக்க முடியவில்லை. அந்தப் பாத்தியைத் தேற்ற எனக்கு இரண்டு வருடம் ஆனது.

5.2-க்கும் 6.2-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும். தக்காளிக்கு 6 முதல் 6.8 வரை இருந்தால் போதும்.

முதலில் இன்னொரு முறை சோதியுங்கள். ஐந்தாறு இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, காய்ச்சி வடித்த நீரில் பாருங்கள். குழாய்த் தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் சுண்ணாம்புக்கல் பொடி வாங்குங்கள்; நீற்றிய சுண்ணாம்பு கையையும் வேரையும் சுடும். மணலைவிடக் களிமண்ணுக்கு அதிகம் தேவைப்படும். பொட்டலத்தில் உங்கள் மண்ணுக்குச் சொன்ன அளவில் பாதியை இப்போது கொத்திக் கலந்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். அதே நாளில் யூரியாவோ பச்சைச் சாணமோ போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கு ஒதுக்கிய இடம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். அதற்கு 5.2 பிடிக்கும், சுண்ணாம்பு போட்டால் கிழங்கில் சொறி வரும்.